பூவாளி மழை

சிவப்புப் புடவை, பச்சைக்கல் மூக்குத்தி, மூடிய கண்கள், அண்ணாந்த முகத்தில் முத்து முத்தாய் மழைத்துளி. இந்தப் படத்தை எங்காவது பார்த்திருப்பீர்கள். இந்தியாவின் பருவமழை என்றாலே வெளிநாட்டுக்காரர்கள் பல வருஷமாக நீட்டுகிற படம். எடுத்தவர் நியூசிலாந்துக்காரர் பிரையன் பிரேக். 1960இல் எடுத்து, 1961 செப்டம்பரில் அமெரிக்காவின் ‘லைஃப்’ பத்திரிகையில் ‘மான்சூன்’ என்ற படத்தொடரில் வந்தது.

அது மழையே இல்லை. இதே கல்கத்தாவில் ஒரு மொட்டைமாடி. யாரோ ஒருவர் பெரிய பூவாளியால் தண்ணீர் ஊற்றியிருக்கிறார், அவ்வளவுதான். அந்தப் பெண்ணும் கிராமத்துப் பெண் இல்லை. சினிமா விமர்சகர் சிதானந்த தாஸ்குப்தாவின் மகள் அபர்ணா, அப்போது 14 வயது. பின்னாளில் அபர்ணா சென். நம்மவர்களுக்குச் சட்டென்று புரிய வேண்டுமானால், ‘மிஸ்டர் அண்ட் மிசஸ் ஐயர்’ (2002) எடுத்தவர். அவரே இதைச் சொல்லியிருக்கிறார். மூக்கு குத்தியிருக்கவில்லையாம், மூக்குத்தியைப் பசை வைத்து ஒட்டினார்களாம். புடவைக்கு மேட்ச்சாக சிவப்புக்கல் வைக்கலாமே என்று இவர் யோசனை சொல்ல, பச்சைதான் என்று முடித்துவிட்டாராம் பிரேக். மொத்தமே அரை மணி நேர வேலை.

ஆபீசில் ஒரு தாதாவிடம் சொன்னேன். “தாதே கீ?” என்றார். அதனால் என்ன என்று அர்த்தம். “எங்க ரே கூட எல்லாத்தையும் ஏற்பாடு பண்ணித்தானே எடுத்தார்?” பெங்காலியிடம் ரே வந்துவிட்டால் வாதம் முடிந்தது :-)

ஆனால் சினிமா வேறு, பத்திரிகைப் படம் வேறு. அந்த வித்தியாசம் பிரேக்குக்கும் நன்றாகவே தெரிந்திருக்கும். 1927இல் வெலிங்டனில் பிறந்தவர். முதலில் போர்ட்ரெய்ட் ஸ்டூடியோ, பிறகு அந்நாட்டு அரசின் திரைப்படப் பிரிவு, 1950களில் லண்டன், அங்கிருந்து மேக்னம். மாச சம்பளம் வாங்கிய ஆள் இல்லை, படம் விற்றால்தான் காசு. மழையைத் துரத்துவது என்றால் ஜூன் முதல் தேதி வாக்கில் கேரளாவில் தொடங்கி மேகத்தின் பின்னாலேயே ஓட வேண்டும். வங்காளத்துக்கு மழை ஏறத்தாழ ஜூன் 10 வாக்கில் வரும். வராமல் ஒரு வாரம் தள்ளியும் போகும். ஹோட்டல் வாடகை தள்ளிப்போகாது.

இன்னொரு சிக்கல் ஃபிலிம். 1960இல் பேர்போன கலர் ஸ்லைடு கோடக்ரோம். அதன் வேகம் வெறும் 10 ஏ.எஸ்.ஏ. இன்று நம் கைப்பேசி இருட்டில் தானாகவே ஆயிரம், இரண்டாயிரம் என்று எகிறுகிறது. 25 வேகமுள்ள கோடக்ரோம்-2 வந்ததே 1961இல்தான். கருமேகம் கவிந்த பிற்பகலில் 10 ஏ.எஸ்.ஏ. ஃபிலிமை வைத்துக்கொண்டு லென்ஸை முழுக்கத் திறந்தாலும் ஷட்டர் நொடியில் முப்பதில் ஒரு பங்குக்கு வந்துவிடும். அந்த வேகத்தில் விழுகிற துளி கோடாக இழுபடும், ஆள் கொஞ்சம் அசைந்தாலும் மங்கும். முத்து முத்தாகத் துளி வேண்டுமென்றால் துளியும் ஆளும் வெளிச்சமும் நம் சொல்பேச்சு கேட்க வேண்டும். பூவாளி கேட்கும்.

ஆக, பூவாளிக்காக நான் அவரிடம் சண்டைக்குப் போகவில்லை. என் மனத்தாங்கல் வேறு. நான் டெல்டாக்காரன். எங்கள் பக்கம் பெரிய மழை ஐப்பசி கார்த்திகையில்தான், கல்கத்தாவில் மழை விடைபெற்ற பிறகு. மழை வந்தால் எங்கள் வீட்டில் யாரும் கண்ணை மூடி அண்ணாந்து பார்த்து நான் கண்டதில்லை. குனிந்துதான் பார்ப்பார்கள். வரப்பு உடைகிறதா, நாற்று மூழ்குமா, வைக்கோல் நனைகிறதா, வடிகாலில் யார் கட்டை போட்டது? இங்கே ஆமோன் நெல் நடுகிற பெண்களை ரயில் ஜன்னலிலிருந்து பார்த்திருக்கிறேன். அவர்களும் மழையில் குனிந்துதான் இருக்கிறார்கள். முகமே தெரியாது.

பிரேக்கின் தொடரில் அந்த முகங்களும் உண்டு. காய்ந்த நிலம், காத்திருக்கும் ஜனங்கள், வெள்ளம், உழவு எல்லாம் நிஜமாக அலைந்து எடுத்தவை. காலில் சேறு ஒட்டாமல் அவற்றை எடுத்திருக்க முடியாது. ஆனால் உலகம் ஞாபகம் வைத்துக்கொண்டது மொட்டைமாடியைத்தான். பிரேக் 1988இல் காலமானார். ஸ்லைடுகள் இப்போது வெலிங்டனில் தெ பாப்பா அருங்காட்சியகத்தில் பத்திரமாக இருக்கின்றன. ‘மான்சூன் கேர்ள்’ யார் என்று எல்லோருக்கும் தெரியும். வயலில் நின்றவர்கள் பெயரை யாரும் கேட்பதில்லை.

அந்த ‘லைஃப்’ இதழை அமெரிக்காவில் பத்துப் பதினோரு வயதில் பார்த்து மயங்கிப்போன பையன் ஒருவன் உண்டு, ஸ்டீவ் மெக்கரி. ஆப்கான் பெண் படத்தை எடுத்த அதே மெக்கரி. 1983இல் ‘நேஷனல் ஜியாக்ரஃபிக்’ பத்திரிகைக்காக அவரும் மழையைத் துரத்தினார். போர்பந்தரில் பூவாளிக்கெல்லாம் வேலையே இல்லை. ஊரே வெள்ளத்தில் கிடந்தது, மார்பளவு தண்ணீரில் இறங்கி எடுத்தார். 2016இல் கியூபாவில் அவர் எடுத்த ஒரு படத்தில் கம்பத்தை ஃபோட்டோஷாப்பில் நகர்த்தியது இத்தாலியில் ஒரு கண்காட்சியில் அகப்பட்டது. நான் பத்திரிகைப் படக்காரன் இல்லை, படத்தால் கதை சொல்பவன் என்று விளக்கம் கொடுத்தார். தாதா கட்சிதான்!

போர்பந்தர் படங்களில் ஒரு வயதான தையல்காரர் இருக்கிறார். கழுத்தளவுத் தண்ணீரில், துருப்பிடித்த தையல் மெஷினைத் தோளில் சுமந்துகொண்டு, கேமராவைப் பார்த்துச் சிரிக்கிறார். மெஷினில் இருந்த தங்கள் பெயரைப் படத்தில் பார்த்துவிட்டு, கம்பெனிக்காரர்கள் அவருக்குப் புது மெஷின் அனுப்பினார்கள் என்று மெக்கரி சொல்லியிருக்கிறார்.