பஞ்சாயத்து பண்ணப் போனவருக்கே ஒரு பெட்ரோல் வழக்கு

சாரல் சீசன்ல தென்காசியிலிருந்து ஐந்தருவிக்குப் போறவங்க எப்படியும் ஒரு ஹெச்.பி. பங்க்லயோ பாரத் பங்க்லயோ டேங்க் நிரப்பியிருப்பீங்க. 1974-க்கு முன்னாடி இந்தப் பெயர்களே கிடையாது. எஸ்ஸோ, கால்டெக்ஸ் போய் ஹெச்.பி. வந்தது. 1976-ல பர்மா ஷெல்லை அரசு எடுத்துக்கிட்டது, அதுதான் பாரத் பெட்ரோலியம் ஆச்சு. நாடாளுமன்றத்துல சட்டம் போட்டு, விலை பேசி, பெரிய ரகளை இல்லாம முடிஞ்ச கதை.

கடலுக்கு அந்தப் பக்கம் இலங்கையிலும் எஸ்ஸோ, கால்டெக்ஸ், ஷெல் மூணும்தான் கடை விரிச்சிருந்தாங்க. அங்கே பத்து வருஷத்துக்கு முன்னாடியே இது சர்வதேசத் தகராறா வெடிச்சது.

1961-ல சிறிமாவோ பண்டாரநாயக்கா அரசு இலங்கைப் பெட்ரோலியக் கூட்டுத்தாபனத்தை உருவாக்குச்சு. பின்னால இருந்து தள்ளியவர் வர்த்தக அமைச்சர் டி.பி. இலங்கரத்ன. காரணம் வெறும் சித்தாந்தம்னு சொல்ல முடியாது. நாட்டுல அந்நியச் செலாவணி வறட்சி. சோவியத் எண்ணெய் மலிவா கிடைக்குது. ஆனா அதை இறக்கி விற்க டேங்க்கும் பங்க்கும் வேணுமே? 1962-ல அந்தக் கம்பெனிகளோட சொத்துகள்ல ஒரு பகுதியை அரசு எடுத்துக்கிட்டது. நஷ்டஈடு தரமாட்டோம்னு கொழும்பு சொல்லலை. எவ்வளவு, எந்தக் கணக்குல, எப்போ என்பதுதான் சண்டை.

அதே வருஷம் வாஷிங்டன்ல வேற ஒரு வேலை நடந்துட்டிருந்தது. பிரேசில்ல ஒரு மாநில ஆளுநர் அமெரிக்க டெலிபோன் கம்பெனியைக் கைப்பற்றின கோபத்துல, ஹிக்கன்லூப்பர் என்ற செனட்டர் வெளிநாட்டு உதவிச் சட்டத்துல ஒரு திருத்தம் கொண்டுவந்தார். அமெரிக்கச் சொத்தை எடுத்தா ஆறு மாசத்துக்குள்ள முழு மதிப்புக்கு, அதுவும் மாற்றக்கூடிய அந்நியச் செலாவணியில, நஷ்டஈடு கொடுக்க நடவடிக்கை எடுக்கணும். இல்லேன்னா உதவி கட். இதைத் தள்ளுபடி செய்யற அதிகாரம் ஜனாதிபதிக்கும் கிடையாது. எங்க பாஷையில சொன்னா, டைமரை ஹார்ட்கோட் பண்ணிட்டாங்க. அட்மினாலகூட மாத்த முடியாது. கென்னடி அரசுக்கே இந்தத் திருத்தம் பிடிக்கலை. பிரேசிலுக்காக எழுதின சட்டம் முதல்ல வெட்டினது இலங்கையை.

இப்போ தேதிகளைக் கவனிங்க. 1962 அக்டோபர்ல இந்தியா-சீனா போர். டிசம்பர்ல சிறிமாவோ பர்மா, கம்போடியா, கானா, இந்தோனேசியா, ஐக்கிய அரபுக் குடியரசு இவங்களைக் கொழும்புக்கு அழைச்சு மாநாடு நடத்தறார். அங்கே உருவான யோசனைகளை எடுத்துக்கிட்டு அவரே பீக்கிங் போறார், 1963 ஜனவரியில டெல்லி வர்றார். ஆசியாவோட ரெண்டு பெரிய நாடுகளுக்கு நடுவுல உட்கார்ந்து பேசறவர் அவர். அதே வாரங்கள்ல அவரோட நாட்டுக்கு வச்ச ஆறு மாசக் கெடு ஓடிட்டிருக்கு.

கொழும்புல அமெரிக்கத் தூதர் பிரான்சிஸ் வில்லிஸ். அமெரிக்க வெளியுறவுப் பணியில படிப்படியா மேலே வந்து தூதரான முதல் பெண். எதிர்ல உலகின் முதல் பெண் பிரதமர். பேச்சு நடந்தது, ஆனா தூதர் கையில கொடுக்கறதுக்கு எதுவும் இல்லை. பேரம்னா ரெண்டு பக்கமும் கொஞ்சம் விட்டுத்தரணும். ஒரு பக்கத்தோட கையைச் சட்டமே கட்டிப்போட்டிருந்தா என்ன பேசறது? 1963 பிப்ரவரி 8-ல அமெரிக்க உதவி நின்னுபோச்சு.

ஈரான்ல 1951-ல இதைவிடப் பெரிய முயற்சி நடந்திருக்கு. ட்ரூமன் அனுப்பின ஹாரிமன், மொசாதெக்கின் படுக்கைக்குப் பக்கத்துலயே உட்கார்ந்து பேசிப் பார்த்தார். ஆனா எண்ணெய் யாரோட கட்டுப்பாட்டுல இருக்கணும்னு பிரிட்டன் விட்டுக்கொடுக்கலை, மொசாதெக்கும் விடலை. ரெண்டு வருஷத்துல சி.ஐ.ஏ. ஆட்சிக் கவிழ்ப்புல போய் முடிஞ்சது. கொழும்புல அந்த அளவுக்குப் போகலை என்பதே எனக்குப் பெரிய விஷயமா தெரியுது.

அமெரிக்க அழுத்தம் சிறிமாவோவைப் பணிய வைக்கலை. 1964 தொடக்கத்துல இறக்குமதி, விநியோகம் எல்லாமே கூட்டுத்தாபனத்துக்கு வந்துடுச்சு. முடிச்சு அவிழ்ந்தது தேர்தல்ல. 1965 மார்ச்சில் டட்லி சேனநாயக்கா ஜெயிச்சார், சில மாசத்துலயே கம்பெனிகளோட நஷ்டஈட்டு ஒப்பந்தம் போட்டார், அமெரிக்க உதவி திரும்ப வந்தது. ஆனா எண்ணெய் வியாபாரத்தை மட்டும் அவரும் அந்த மூணு கம்பெனிகிட்ட திருப்பிக் கொடுக்கலை.