மூடின சிப்பி, விற்ற பாலிசி

இன்னைக்குக் கதையைத் தூத்துக்குடி கடற்கரையில இருந்து ஆரம்பிக்கலாம். முத்துக்குளிப்பு சீசன்ல தோணிகள் கரைக்குத் திரும்பினதும், குளியாட்களோட பங்கு போக, அரசாங்கப் பங்குச் சிப்பிகளை ஆயிரக்கணக்கில் ஏலம் விடுவாங்க. கவனிங்க, சிப்பியைத் திறக்காமலே ஏலம். உள்ளே முத்து இருக்கா இல்லையான்னு வாங்குறவருக்கும் தெரியாது. 1961-க்கு அப்புறம் அந்தக் குளிப்பு இங்கே நின்னுபோச்சு.

இதே மாதிரி இன்னொரு வியாபாரம் 1980-களின் கடைசியில் அமெரிக்காவில் வந்துச்சு. அங்கே மூடியிருந்தது சிப்பி இல்லை, ஒரு மனுஷனோட மிச்ச ஆயுள்.

எய்ட்ஸ் வந்தவங்களுக்கு அப்போ சரியான மருந்து கிடையாது. வேலை போச்சு, வாடகை கட்டணும், ஆஸ்பத்திரி பில் கட்டணும். கையில் மிச்சம் இருந்தது ஆயுள் காப்பீட்டு பாலிசி மட்டும்தான். ஆனா அந்தப் பணம் செத்த பிறகுதானே வரும்? சில கம்பெனிகள் வந்தாங்க. ஒரு லட்சம் டாலர் பாலிசின்னா ஐம்பதாயிரமோ எழுபதாயிரமோ இப்பவே தருவோம், பிரீமியத்தையும் நாங்களே கட்டுவோம், நீங்க இறந்ததும் முழுத் தொகையும் எங்களுக்குன்னாங்க. 1911-லேயே, ஆபரேஷன் செலவுக்காக ஒருத்தர் தன் பாலிசியை டாக்டருக்கு 100 டாலருக்கு விற்ற வழக்கில், பாலிசியும் ஒரு சொத்துதான், விற்கலாம்னு அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொல்லியிருந்துச்சு.

ஒரு பக்கம் பார்த்தா இது உதவி. நிறைய பேர் கடைசி நாட்களைக் கடன் இல்லாம கழிச்சாங்க. இன்னொரு பக்கம், நீங்க எவ்வளவு சீக்கிரம் சாகுறீங்களோ, பணம் போட்டவருக்கு அவ்வளவு லாபம்.

1996-ல் புது கூட்டு மருந்துகள் வந்துச்சு. சாவுக்குத் தயாரா இருந்தவங்க எழுந்து நடந்தாங்க. முதலீட்டாளர்கள் வருஷக்கணக்கா பிரீமியம் கட்ட வேண்டியதாச்சு. டிக்னிட்டி பார்ட்னர்ஸ்ங்கிற கம்பெனி அந்த வருஷமே எய்ட்ஸ் நோயாளிகளோட பாலிசியை வாங்குறதை நிறுத்துச்சு. ஒரு நல்ல செய்தி சிலருக்கு நஷ்டக் கணக்கா மாறிச்சு.

நம்ம ஊர்ல? 1986-ல் சென்னையில டாக்டர் சுனிதி சாலமனும் அவர் மாணவி நிர்மலாவும்தான் இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்றுகளைக் கண்டுபிடிச்சாங்க. அரசு இலவச மருந்து 2004 ஏப்ரல்லதான் ஆரம்பிச்சுது. தாம்பரம் மருத்துவமனை முதல் மையங்களில் ஒண்ணு. இங்கே பாலிசி வாங்கி விற்கிற வியாபாரத்தை எல்.ஐ.சி. 2003-லேயே சுற்றறிக்கை போட்டுத் தடுக்கப் பார்த்துச்சு. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 2015-ல் எல்.ஐ.சி.க்கு எதிரா தீர்ப்பு வந்துச்சு. ஆனா அதே வருஷம் காப்பீட்டுச் சட்டத்தைத் திருத்தி, வியாபாரத்துக்காக பாலிசியை மாற்றினா மறுக்கலாம்னு கம்பெனிகளுக்கு அதிகாரம் கொடுத்துட்டாங்க. வேற சிக்கலும் உண்டு: பாலிசி எடுக்கவே எச்.ஐ.வி. உள்ளவங்க போராட வேண்டியிருந்தது. 2017-ல் வந்த தனிச் சட்டம்தான் காப்பீட்டில் நியாயமில்லாத பாகுபாட்டைத் தடை செஞ்சுது.

தடை போட்டா சூதாட்டம் நிற்கும், சரி. ஆனா ஆஸ்பத்திரி பில்லோட நிக்கிற ஆளுக்கு, விற்க இருந்த ஒரே பொருளும் போயிடும். அந்தக் கம்பெனிகள் லாபத்துக்காக வந்தாங்க. ஆனா அந்த நேரத்துல பணத்தோட கதவைத் தட்ட வேற யாரும் வரலை. அந்த ஆள் உங்க அண்ணனா இருந்தா விற்கச் சொல்வீங்களா? கமெண்ட்ல சொல்லுங்க. அடுத்த எபிசோடில் பார்ப்போம்.