சாயம் போன கருகமணி

நம்ம கூட்டமைப்பு மலருக்கு, மணி கோக்குற தொழிலைப் பத்தி எழுதச் சொன்னாங்க. வரவு செலவு நோட்டும் தீர்மானப் புத்தகமும் எழுதித்தான் எனக்குப் பழக்கம். தப்பு இருந்தா பொறுத்துக்கோங்க.

நாட்றாம்பாளையம் எல்லை ஊர். நம்ம பக்கம் தமிழ், கன்னடம், தெலுங்கு மூணும் காதுல விழும். நாம கருகமணின்னு சொல்றதைக் கன்னடக்காரங்க கரிமணின்னும், தெலுங்குக்காரங்க நல்லபூசலுன்னும் சொல்வாங்க. பேரு மூணு, மணி ஒண்ணுதான். அவங்க வீடுகள்ல அது தாலியோட சேர்த்துக் கோக்குற மணி. அதனால கருகமணி விக்கிறது, வளையல், கம்மல் விக்கிற மாதிரி இல்லை. அது ஒருத்தியோட கழுத்துல வருசக்கணக்கா கிடக்கப் போற பொருள்.

குழு ஆரம்பிச்ச கதையையும் இங்கே சொல்லணும். தமிழ்நாட்டில் மகளிர் சுய உதவிக் குழுக்கள் அரசுத் திட்டமாகத் தொடங்கியது 1989-ல், பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு, தர்மபுரி மாவட்டத்தில். அப்போ நம்ம ஊரும் தர்மபுரி மாவட்டம்தான். 2004-லதான் கிருஷ்ணகிரி தனி மாவட்டம் ஆச்சு. ஆக, இன்னைக்கு மாநிலம் பூரா இருக்கிற குழுக்களுக்கு நம்ம மண்ணுதான் நாத்தங்கால். நாங்க பிற்பாடு சேர்ந்தவங்க. 14 பேர் குழு. சேமிப்பு, உள்கடன்னு ஓடிக்கிட்டிருந்தப்போ, சுழல்நிதி வந்ததும் ஏதாவது தொழில் செய்யலாம்னு தீர்மானம் போட்டோம். எல்லாருக்கும் விரல் பழகினது மணி கோக்கறதுதான்.

சரக்கு வாங்கற பொறுப்பு என் தலையில வந்துச்சு. அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டை, ஓசூர்னு பஸ் மாறி பெங்களூரு சிக்பேட்டை போனேன். ஒரு கடையில ரெண்டு பாக்கெட் கருகமணி எடுத்து வெச்சாங்க. ரெண்டும் கறுப்பு, ரெண்டும் மினுமினுப்பு. ஒண்ணு இன்னொண்ணுல பாதி விலை. "ரெண்டும் கண்ணாடிதானே?"ன்னு கேட்டேன். "எல்லாம் ஒண்ணுதாம்மா"ன்னாங்க. பாதி விலைக்கு வாங்கிட்டு, குழுவுக்கு மிச்சம் பிடிச்சிட்டேன்னு பெருமையா ஊர் வந்து சேர்ந்தேன்.

80 சரம் கோத்து, சந்தையிலயும் திருவிழாவுலயும் வித்தோம். ரெண்டு மாசம் கழிச்சு, எல்லைக்கு அந்தப் பக்கத்து ஊர்ல இருந்து ஒரு அம்மா வந்தாங்க. மகளுக்குக் கல்யாணத்துக்கு வாங்கின சரம். வேர்வை பட்டு சாயம் இறங்கி, அந்தப் பொண்ணோட கழுத்தும் ரவிக்கையும் கறுப்பாயிடுச்சு. சரத்துல பாதி மணி வெளுத்துக் கிடந்தது. அவங்க சத்தம் போடலை. "தாலியில கோத்த மணிம்மா, மாமியார் வீட்ல என்ன பேசுவாங்க?"ன்னு மட்டும் கேட்டாங்க. அந்த ஒரு வார்த்தை இன்னும் என் காதுல நிக்குது.

அன்னைக்கு ராத்திரியே கூட்டம் போட்டோம். யார் யார் திருப்பிக் கொண்டு வர்றாங்களோ அத்தனை பேருக்கும் பணத்தைத் திருப்பிக் கொடுக்கிறதுன்னு முடிவாச்சு. 31 சரம் திரும்பி வந்துச்சு. நஷ்டத்தை 14 பேரும் பங்கு போட்டுக்கிட்டாங்க. என்னை ஒருத்தரும் குத்திக் காட்டலை. ஆனா எங்க பிரதிநிதி அக்கா, "இனிமே சரக்கு வாங்கினா, அது என்னன்னு தெரிஞ்சு வாங்கணும்"னு தீர்மானப் புத்தகத்துல எழுத வெச்சாங்க.

எங்க குரு ஓசூர் பஸ் ஸ்டாண்டுல கிடைச்சாங்க. பாசிமணி விக்கிற நரிக்குறவர் சமூகத்து அக்கா ஒருத்தர். எங்க மணியைக் கையில வாங்கிப் பார்த்தாங்க, குறடால ஒண்ணை உடைச்சாங்க. உள்ளே வெள்ளை. "இது மேல்பூச்சு"ன்னாங்க. தன்னோட சரத்துல ஒண்ணை உடைச்சுக் காட்டினாங்க. உள்ளேயும் கறுப்பு. கண்ணாடியை உருக்கும்போதே நிறத்தைக் கலந்தா அது எந்தக் காலத்துக்கும் போகாது. செஞ்சு முடிச்ச மணிக்கு மேல பெயின்ட் அடிச்சா வேர்வைக்கும் உரசலுக்கும் நிக்காது. விசயம் அவ்வளவுதான்.

அதுக்கப்புறம் கண்டுணர்வுப் பயணமா புதுச்சேரி போனப்போ, அங்கே அருங்காட்சியகத்துல அரிக்கமேட்டு மணிகளைப் பார்த்தோம். அரிக்கமேடு, புதுச்சேரிக்குப் பக்கத்துல அரியாங்குப்பம் ஆத்தங்கரையில இருக்கு. 1945-ல் மார்ட்டிமர் வீலர் அங்கே அகழாய்வு செஞ்சார். ரோம் நாட்டோட வாணிபம் நடந்த ஊர்னு அதனால உலகத்துக்குத் தெரிஞ்சது. ஏறக்குறைய 2000 வருசத்துக்கு முந்தியே அங்கே சின்னச் சின்னக் கண்ணாடி மணிகள் செஞ்சிருக்காங்க. அந்த வகை மணிக்கு 'இந்தோ-பசிபிக் மணி'ன்னு பேரு வெச்சவர் பீட்டர் பிரான்சிஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர். கிழக்கு ஆப்பிரிக்காவில் இருந்து தென்கிழக்கு ஆசியா, கொரியா, ஜப்பான் வரை இந்த வகை மணி கிடைச்சிருக்கு. மண்ணுக்குள்ள அத்தனை காலம் கிடந்தும் சிவப்பு சிவப்பாவே, மஞ்சள் மஞ்சளாவே இருக்கு. என் ரெண்டு மாசக் கருகமணியை நினைச்சு எனக்கு வெக்கமாப் போச்சு.

அதே மாதிரி மணி செய்யற கையை அந்த ஆய்வாளர் நம்ம காலத்துலயே பார்த்துப் பதிவு செஞ்சார். ஆந்திராவுல திருப்பதி பக்கம் பாப்பாநாயுடுபேட்டைன்னு ஒரு கிராமம். உருகின கண்ணாடிக் கட்டியை 'லடா'ங்கிற நீளமான இரும்புக் குழாயோட நுனியில சுத்தி உலைக்குள்ள வைப்பாங்க. உள்ளே ஒரு கம்பியை விட்டு ஓட்டை உண்டாக்கி, எதிர்ப்பக்கம் இருந்து மெல்லிசான குழலா இழுத்துக்கிட்டே இருப்பாங்க. பிறகு குழலைப் பொடிப்பொடியா வெட்டி, சாம்பலோட கலந்து மறுபடி சூடாக்குவாங்க. சாம்பல் இருக்கறதால ஓட்டை அடையாது. சூட்டுல ஓரம் உருண்டு வரும்.

இதுல ஒண்ணு யோசிச்சுப் பாருங்க. கம்பியில கண்ணாடியைச் சுத்தி ஒவ்வொரு மணியா செய்யறது இன்னொரு முறை. வாரணாசியில தீச்சுடர்ல வெச்சு இன்னைக்கும் அப்படிச் செய்யறாங்க. அந்த மணிக்குப் புவிசார் குறியீடும் உண்டு. ஆனா அரிக்கமேட்டு முறையில ஒரே இழுப்புல ஆயிரக்கணக்கான மணி. அந்தக் காலத்துக்கு அதுதான் மொத்த உற்பத்தி, அதுதான் மலிவு. இருந்தும் தரம் குறையலை. ஜப்பானில் இருந்து வர்ற மியூகி, டோஹோ மணிகள் இயந்திரத்துல செஞ்சவைதான். ஆனா ஒரே அளவு, ஒரே ஓட்டைங்கறதால விலை ஜாஸ்தி. அதனால கையால செஞ்சது எல்லாம் உசத்தி, மிஷின்ல செஞ்சது எல்லாம் மட்டம்னு சொல்லக் கூடாது. சொன்ன பொருளும் கொடுத்த பொருளும் ஒண்ணா இருக்கணும், அதுதான் கணக்கு.

இப்போ நாங்க சரக்கு வாங்கற விதத்தைச் சொல்றேன். முதல்ல 50 கிராம் மட்டும் வாங்குவோம். கையில வெச்சா கண்ணாடி சில்லுனு இருக்கும், கனமும் இருக்கும்; பிளாஸ்டிக் அப்படி இருக்காது. ஒரு மணியைத் துணியில சுத்தி உடைச்சு உள்நிறம் பார்ப்போம். நகப்பூச்சு அழிக்கிற திரவத்தைப் பஞ்சுல தொட்டுத் தேய்ப்போம். ஈரமான வெள்ளைத் துணியில ஒரு ராத்திரி முடிஞ்சு வெச்சு சாயம் ஒட்டுதான்னு பார்ப்போம். அளவு கேக்கும்போது, 8-ஆம் நம்பரை விட 11-ஆம் நம்பர் பொடிசுன்னு ஞாபகம் வெச்சுக்குவோம். பூ வேலைப்பாடு பின்ன ஒரே அளவு மிஷின் மணி வாங்குவோம். கழுத்துச் சரத்துக்குக் கையால செஞ்ச மணி. அதுல அளவு கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும், சிலதுல ஊசி நுழையாது. பத்துல ஒண்ணு கழியும்னு வெச்சுத்தான் விலை போடுவோம். குழந்தைங்க விளையாட்டு மாலைக்கு மலிவு மணியும் வாங்கறதுண்டு. ஆனா அது பூச்சு மணின்னு சொல்லித்தான் விப்போம்.

விலையைக் கேட்டு நகர்ந்து போறவங்க உண்டு. சந்தையில பக்கத்துக் கடையில பாதி விலைக்குக் கிடைக்கும்போது நாங்க என்ன செய்ய முடியும்? ஒரு மணியை உடைச்சுக் காட்டுவோம். பாதிப் பேர் போயிடுவாங்க, மீதிப் பேர் வாங்குவாங்க.

அந்த அம்மாவுக்கு நாங்க பணத்தை மட்டும் திருப்பிக் கொடுக்கலை. நல்ல மணியில புதுச் சரம் கோத்து, நானும் பிரதிநிதி அக்காவும் அவங்க ஊருக்கே கொண்டுபோய்க் கொடுத்தோம். போன வருசம் ரெண்டாவது மகளோட கல்யாணத்துக்கு, பஸ் ஏறி நம்ம ஊருக்கு வந்து எங்ககிட்டயே கருகமணி வாங்கிட்டுப் போனாங்க.