அப்பத்தாவுக்கு காந்தியைச் சொன்ன முருகன்

ஸ்பெஷல் நாடகம் என்றால் என் பேரப்பிள்ளைகளுக்கு விளக்கித்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. இதைப் படிக்கும் நம் வயதுக்காரர்களுக்கு அந்தச் சிரமம் வேண்டாம். கோயில் திருவிழா, ஊர்ப் பொட்டலில் மேடை, ராத்திரி பத்து மணிக்கு ஆர்மோனியம், விடியக்காலையில் வள்ளிக்கும் முருகனுக்கும் கல்யாணம். ராஜபார்ட் ஒரு ஊர், ஸ்திரீபார்ட் ஒரு ஊர், பபூன் வேறொரு ஊர். ஒத்திகை என்பதே கிடையாது. அன்றைக்குச் சாயங்காலம்தான் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள். ஆனாலும் நாடகம் தடங்கலில்லாமல் ஓடும். எல்லோருக்கும் சங்கரதாஸ் சுவாமிகளின் பாடம் மனப்பாடம். 1867-ல் தூத்துக்குடிப் பக்கம் காட்டுநாயக்கன்பட்டியில் பிறந்து, 1918-ல் நம் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்வ பால சபாவைத் தொடங்கி, 1922-ல் புதுச்சேரியில் காலமானவர். அவர் போட்டுக்கொடுத்த தடத்தில்தான் தென்மாவட்டத்து நாடகக்காரர்கள் இன்றைக்கும் நடக்கிறார்கள்.

சுதந்திரப் போராட்ட காலத்தில் இந்த நாடகங்கள் செய்த இன்னொரு வேலையைப் பற்றித்தான் எழுத நினைத்தேன்.

என் அப்பத்தாவுக்குக் கையெழுத்துப் போடக்கூடத் தெரியாது. காந்தியை நேரில் பார்த்ததில்லை. ஆனால் காந்தி, கதர், கள்ளுக்கடை மறியல் எல்லாம் தெரிந்து வைத்திருந்தார். சின்ன வயதில் ஒருநாள் கேட்டேன்: "ஒனக்கு யாரு அப்பத்தா காந்தியைப் பத்திச் சொன்னது?"

"முருகன்தான்டா சொன்னாரு, வள்ளித்திருமணத்துல" என்றார், சாதாரணமாக.

அவர் சொன்ன முருகன், தியாகி விசுவநாததாஸ். 1886-ல் சிவகாசியில் பிறந்தவர், திருமங்கலத்தில் வாழ்ந்தவர்.

வெள்ளைக்கார அரசாங்கம் 1876-லேயே நாடகங்களுக்கென்று ஒரு சட்டம் கொண்டுவந்துவிட்டது. ராஜ விசுவாசத்துக்கு விரோதம் என்று அதிகாரிகள் நினைத்தால் நாடகத்தைத் தடை செய்யலாம். சுதந்திரத்தைப் பற்றி நேரடியாக நாடகம் போட்டால் மாட்டிக்கொள்ள வேண்டியதுதான். ஆனால் வள்ளித்திருமணத்தை என்ன சொல்லித் தடை செய்வது? தினைப்புனத்தில் பரண் மேல் நின்று வள்ளி பறவை விரட்டுகிறாள். காலங்காலமாக எல்லோரும் பார்த்த காட்சி. அந்தப் பறவைகளில் ஒன்று வெள்ளைக் கொக்கு. தாஸ் அந்தக் கொக்கைப் பற்றிப் பாடும்போது அது எந்த வெள்ளை என்று மேடைக்கு முன்னால் உட்கார்ந்திருந்த அத்தனை பேருக்கும் தெரியும். போலீஸ்காரருக்கும் தெரியும். ஆனால் நோட்டுப் புத்தகத்தில் என்னவென்று எழுதுவார், "கொக்கைத் திட்டினான்" என்றா?

அந்தக் காலத்தில் பத்திரிகை படித்தவர்கள் ஊருக்கு நாலு பேர் இருந்தால் அதிகம். அரசியல் கூட்டத்துக்குப் போகப் பயம். பெண்கள் போவது பற்றிப் பேச்சே இல்லை. சாமி நாடகத்துக்குப் போனால் மட்டும் யாரும் தடுக்க மாட்டார்கள். வண்டி கட்டிக்கொண்டு, பாயும் வறுத்த கடலையுமாகக் குடும்பத்தோடு போவார்கள். மைக் இல்லாத காலம். கடைசி வரிசைக்கும் கேட்கும்படி உச்சஸ்தாயியில் பாட வேண்டும். மறுநாள் களையெடுப்பில் அதே பாட்டு. மதுரகவி பாஸ்கரதாஸ் எழுதிய தேசியப் பாட்டுக்கள் இப்படித்தான் பரவின. சின்னச் சின்ன பாட்டுப் புத்தகங்களாகவும் விற்றார்கள். 1931-ல் முதல் தமிழ்ப் பேசும்படமான 'காளிதாஸ்' வந்தபோது அதிலும் அவர் பாட்டு. ராட்டையைப் பற்றியது! காளிதாசனுக்கும் காந்தியின் ராட்டைக்கும் என்ன சம்பந்தம் என்று கொட்டகையில் யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

தாஸை மேடையிலிருந்தே கைது செய்வார்கள். 29 தடவை சிறை சென்றார் என்று சொல்வார்கள். இதைப் பற்றி அப்பத்தா சொன்னது எனக்கு மறக்கவில்லை. "புடிச்சுட்டுப் போனாங்க. திரும்பி வந்து பக்கத்து ஊருல மறுபடி அதையே பாடுனாரு. மறுபடி புடிச்சாங்க. மறுபடி வந்தாரு. அப்பத்தான்டா எங்களுக்கு ஒறைச்சுச்சு, இவங்களால முடியாதுன்னு." சரித்திரப் புத்தகங்களில் ஒத்துழையாமை, உப்பு சத்தியாக்கிரகம் என்று அத்தியாயம் அத்தியாயமாகப் படித்திருக்கிறேன். எழுத்தறியாத கிராமத்துப் பெண்ணுக்கு நம்பிக்கை எந்த வழியாக வந்தது என்பதை இந்த நாலு வரி போல யாரும் எனக்குச் சொன்னதில்லை.

இதில் இன்னொரு பக்கமும் இருக்கிறது. அதை விட்டுவிட்டு எழுதினால் நியாயமாகாது.

விசுவநாததாஸ் மருத்துவர் சமூகத்தில், அதாவது முடிதிருத்தும் குடும்பத்தில் பிறந்தவர். மேடையில் வேலோடு நின்றால் கையெடுத்துக் கும்பிட்ட ஜனங்கள்தான். ஆனால் அவரோடு ஜோடி சேர்ந்து நடிக்கப் பல நடிகைகள் மறுத்தார்கள். முருகனுக்கு வள்ளி கிடைக்கவில்லை! வெள்ளைக்காரனிடமிருந்து விடுதலை கேட்ட பாட்டுக்குக் கை தட்டிவிட்டு, பாடியவனின் சாதியைக் கேட்டார்கள். எங்கள் ஊரிலும் அந்தக் குடும்பத்தார் மற்ற வீடுகளில் வாசலோடு சரி. நாடகம் பார்த்துவிட்டு வந்த மறுநாளும் அப்படித்தான்.

அந்த நேரத்தில் அவரோடு நடிக்க முன்வந்தவர்களில் ஒருவர் கே.பி.ஜானகி அம்மாள். 1917-ல் பிறந்தவர். சின்ன வயதிலேயே நாடகக் கம்பெனியில் சேர்ந்து பெயர் வாங்கியவர். நல்ல மார்க்கெட் இருந்த நடிகை, இப்படி ஒரு முடிவெடுத்தால் மற்றவர்கள் ஒதுக்கிவிடக்கூடும் என்பது தெரியாமல் இருந்திருக்காது. தெரிந்தேதான் நடித்தார். ஒரு பக்கம் அரசாங்கம், மறு பக்கம் சொந்த ஜனம் என்று இரண்டையும் ஒரே மேடையில் எதிர்த்து நின்ற காரியம் அது. காலையில் முடிதிருத்தியை வாசலில் நிறுத்திய மனிதர்கள், ராத்திரியில் அவர் பக்கத்தில் ஜானகி அம்மாள் நின்று பாடியதையும் பார்த்தார்கள். பார்த்தவர்கள் எல்லோரும் மாறிவிடவில்லை. ஆனால் சிலராவது யோசித்திருப்பார்கள் என்றுதான் நினைக்கிறேன்.

தாஸுக்குக் கடைசிக் காலத்தில் கடன் தொல்லை. அந்த நெருக்கடியிலும் கொள்கையை விற்கவில்லை. 1940 டிசம்பர் 31 அன்று சென்னை ராயல் தியேட்டரில் வள்ளித்திருமணம். மயில் மேல் முருகனாக அமர்ந்து பாடிக்கொண்டிருக்கும்போதே உயிர் பிரிந்தது. சுதந்திரத்துக்கு இன்னும் ஏழு வருஷம் இருந்தது.

ஜானகி அம்மாள் பிறகு கம்யூனிஸ்ட் இயக்கத்துக்குப் போனார். சிறை, விவசாயிகள் போராட்டம் என்று வாழ்ந்து, 1967 தேர்தலில் மதுரை கிழக்குத் தொகுதியில் ஜெயித்துச் சட்டசபைக்குப் போனார். அப்போது நான் கல்லூரி மாணவன். ரிசல்ட் வந்த அன்று அப்பத்தாவிடம் சொன்னேன். "யாரு, தாஸு கூட நடிச்ச பிள்ளையா?" என்று கேட்டுவிட்டு, வெற்றிலையை மடித்தபடி வெகுநேரம் பேசாமல் இருந்தார்.

திருமங்கலத்தில் விசுவநாததாஸுக்கு நினைவு இல்லம் இருக்கிறது. அந்தப் பக்கம் போகிறவர்கள் ஒரு எட்டு உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். பேரப்பிள்ளைகள் கூட இருந்தால் இன்னும் நல்லது.