சாப்பாட்டு மேசையில் கிடைத்த விடை: ரத்தப் புற்றுநோய் ஆய்வாளர் ஜேனட் ரௌலி

நாள்பட்ட மைலாய்டு லுக்கேமியா எனும் ரத்தப் புற்றுநோய் கண்டவர்கள் பலர் இன்று தினமும் மாத்திரை சாப்பிட்டுக்கொண்டு வழக்கம்போல் வேலைக்குச் சென்று வருகிறார்கள். 2001ஆம் ஆண்டுக்கு முன் நிலைமை வேறு. எலும்பு மஜ்ஜை மாற்றுச் சிகிச்சைக்கு வாய்ப்பில்லாத பெரும்பாலோருக்குச் சில ஆண்டுகளே மிஞ்சின. அந்த மாத்திரைக்கு வழி திறந்த கண்டுபிடிப்புகளில் முக்கியமான ஒன்று சிகாகோவைச் சேர்ந்த டாக்டர் ஜேனட் ரௌலியுடையது.

1925இல் நியூயார்க்கில் பிறந்த ரௌலி, 15 வயதிலேயே உதவித்தொகை பெற்று சிகாகோ பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். அங்கு மருத்துவப் படிப்பில் 65 இடங்கள். பெண்களுக்கு மூன்றே மூன்று. அவை நிரம்பிவிட்டதால் ஒன்பது மாதம் காத்திருக்க நேர்ந்தது. 1948இல் மருத்துவர் பட்டம் பெற்ற மறுநாளே, உடன் படித்த டொனால்டு ரௌலியை மணந்துகொண்டார். நான்கு ஆண் பிள்ளைகள் பிறந்தனர். அவர்களை வளர்க்க வேண்டியிருந்ததால் ஏறக்குறைய 20 ஆண்டுகள் பகுதிநேரமாகவே வேலை பார்த்தார்.

டவுன் சின்ட்ரோம் உள்ள பிள்ளைகளுக்கான மருந்தகத்தில் பணிபுரிந்தபோது அவருக்குக் குரோமோசோம்கள்மீது ஆர்வம் பிறந்தது. 1960களின் தொடக்கத்தில் கணவருடன் ஆக்ஸ்ஃபோர்டு சென்று, குரோமோசோம்களை ஆராயும் முறையைக் கற்றார். சிகாகோ திரும்பியதும் ரத்தநோய் நிபுணர் லியோன் ஜேக்கப்சனிடம் ஒரு நுண்ணோக்கியும் சிறிது இடமும் கேட்டார். இரண்டும் கிடைத்தன. சம்பளம் ஆண்டுக்கு 5,000 டாலர். பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆளுக்குக் கொடுக்கவாவது அது தேவைப்பட்டது.

பிலடெல்ஃபியா ஆய்வாளர்களான பீட்டர் நோவெலும் டேவிட் ஹங்கர்ஃபோர்டும் 1960லேயே ஒரு புதிரைக் கண்டிருந்தனர். நாள்பட்ட மைலாய்டு லுக்கேமியா நோயாளிகளின் ரத்த அணுக்களில் ஒரு குரோமோசோம் மட்டும் வழக்கத்தைவிடக் குட்டையாக இருந்தது. அதில் ஒரு துண்டு தொலைந்துவிட்டது என்றே பலரும் எண்ணினர்.

1970களின் தொடக்கத்தில், சாயம் ஏற்றிக் குரோமோசோம்களில் பட்டைகளைத் தெளிவாகக் காட்டும் முறை வந்தது. இரண்டாவது ஆக்ஸ்ஃபோர்டு பயணத்தில் ரௌலி அதைக் கற்றுக்கொண்டார். 1972இல் குரோமோசோம் படங்களை வீட்டுக்கு எடுத்துவந்து, ஒவ்வொன்றையும் கத்தரித்து, சாப்பாட்டு மேசையில் பரப்பி ஜோடி சேர்த்துப் பார்ப்பார். அம்மா காகிதப் பொம்மை வைத்து விளையாடுகிறார் என்று பிள்ளைகள் கேலி செய்வார்களாம்.

முதலில் இன்னொரு வகை லுக்கேமியாவில் 8ஆம், 21ஆம் குரோமோசோம்கள் துண்டுகளை மாற்றிக்கொண்டிருப்பது தெரிந்தது. பிறகு அந்தக் குட்டைக் குரோமோசோமின் மர்மமும் விலகியது. 22ஆம் குரோமோசோமில் காணாமல்போன துண்டு 9ஆம் குரோமோசோமின் நுனியில் ஒட்டியிருந்தது. 1973இல் ‘நேச்சர்’ இதழில் இது வெளியானது.

அறிவியல் உலகம் உடனே ஏற்றுக்கொள்ளவில்லை. குரோமோசோம் குழப்பம் புற்றுநோயின் விளைவே தவிர காரணமல்ல என்பதே அன்றைய பொதுவான கருத்து. ரௌலி விடவில்லை. 1977இல் மூன்றாவதாக, 15க்கும் 17க்கும் இடையிலான மாற்றத்தையும் அவரது குழு காட்டியது. அது காணப்படும் லுக்கேமியா வகைக்கு, 1980களில் ஷாங்காய் மருத்துவர்கள் வைட்டமின் ஏ சார்ந்த மருந்தைக் கொடுத்து நல்ல பலன் கண்டனர். அந்த மருந்து செயல்படும் மரபணு 17ஆம் குரோமோசோமின் அதே உடைப்பில்தான் இருக்கிறது என்பது பின்னரே தெரிந்தது.

9, 22 விவகாரத்திலும், இரு துண்டுகள் ஒட்டுமிடத்தில் உருவாகும் புதிய மரபணு அணுக்களை ஓயாமல் பெருகச் செய்வது பின்னாளில் தெளிவானது. அதன் புரதத்தைக் குறிவைக்கும் இமாட்டினிப் மாத்திரைக்கு 2001 மே மாதம் அமெரிக்கா ஒப்புதல் அளித்தது.

1998இல் லாஸ்கர் விருது, 2009இல் அதிபர் ஒபாமா அணிவித்த சுதந்திரப் பதக்கம் எனக் கௌரவங்கள் தாமதமாகவே வந்தாலும் வரிசையாக வந்தன. நோபெல் மட்டும் வரவில்லை. எண்பது வயதைத் தாண்டியும் ஆய்வுக்கூடத்துக்குச் சைக்கிளில் போய்வந்த ரௌலி, சூலகப் புற்றுநோயால் 2013 டிசம்பர் 17ஆம் தேதி தமது 88ஆவது வயதில் காலமானார்.