திராட்சைக் கொடியும் திருவிருந்துக் கிண்ணமும்: ஒரு சொல்வரலாறு

மெர்சிங் திராட்சை விளையும் ஊரன்று. தென்சீனக் கடலை நோக்கியிருக்கும் இக்கரையில் வடகிழக்குப் பருவமழை இறங்கிவிட்டால் வாரக்கணக்கில் ஈரம் காய்வதில்லை. திராட்சையோ கனிந்து இனிப்பேற வறண்ட நாள்களை வேண்டுவது. இங்குள்ள கடைகளில் நாம் காணும் குலைகள் குளிர்ப்பெட்டியில் ஏறி வெளிநாட்டிலிருந்து வருவன. ஆயினும் கிறித்தவத் தமிழர் கூடும் இடமெல்லாம் அக்கொடியின் பெயர் ஒலிக்கிறது. காணாத கொடிக்குத் தமிழ் எவ்வாறு பெயரிட்டது என்பதே நாம் இங்கு ஆராய எடுத்துக்கொண்ட பொருள்.

தமிழில் இக்கனிக்கு இரு பெயர்கள் உண்டு. 'திராட்சை' வடமொழி 'த்ராக்ஷா'. 'முந்திரிகை' என்பதும் வடமொழி 'ம்ருத்வீகா' பாகத வழியாகத் திரிந்து வந்ததே. போர்த்துகீசியர் பிரேசில் நாட்டுக் கொட்டைமரத்தைக் கொண்டுவந்த பின்னர்த் தமிழகத்தில் 'முந்திரி' அம்மரத்தின் பெயராயிற்று. பழைய பொருளைக் காக்கக் 'கொடிமுந்திரி' என்று அடைகொடுக்க வேண்டியதாயிற்று. மலையாளத்தில் முந்திரி இன்றும் திராட்சையே. யாழ்ப்பாணத்தில் முந்திரிகையும் அதுவே. இரயில்வேப் பணிக்கு வந்த யாழ்ப்பாணத்தாரும் தோட்டத்துக்கு வந்த தஞ்சை, சேலத்தாரும் மலாயாவில் ஒரே ஊரில் வாழ்ந்தபோது, ஒருவர் முந்திரி என்றதும் மற்றவர் மனத்தில் வேறொரு பொருள் தோன்றியிருக்கும்.

தரங்கம்பாடியில் சீகன்பால்குவின் புதிய ஏற்பாடு 1714-15இல் அச்சேறியது. பப்ரிசியசு, இரேனியசு ஆகியோரின் உழைப்பைக் கடந்து, பவர் தலைமையிலான திருத்தம் 1871இல் நிலைபெற்றது. இதில் யோவான் நூலின் பதினைந்தாம் இயலை நோக்குவோம். கிரேக்கத்தில் முழுத் தாவரத்துக்கு ஒரு சொல்லும் அதன் தளிர்க்கிளைக்கு வேறொரு சொல்லும் உள்ளன. 1871ஆம் ஆண்டுப் பதிப்பு இயேசுவைத் 'திராட்சச்செடி' என்றும் சீடரைக் 'கொடிகள்' என்றும் பெயர்த்தது. 1995இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியமோ அவரைக் 'கொடி' என்றும் சீடரைக் 'கிளைகள்' என்றும் மாற்றியது.

திராட்சையைச் செடி என்பது பிழை என்பார் உளர். கம்பம் பள்ளத்தாக்கில் பந்தலேறிப் படரும் பன்னீர்த் திராட்சையைப் பார்த்தவர்க்கு அப்படித்தான் தோன்றும். (அவ்வகையை 1832இல் ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் தமிழகத்துக்குக் கொண்டுவந்தார் என்பர், 2023இல் அது புவிசார் குறியீடும் பெற்றது.) ஆனால் பாலத்தீனத்தில் கொடியைக் குட்டையாக வெட்டி, தரையை ஒட்டிப் புதர்போல் வளர்ப்பதும் வழக்கம். ஆகவே 'செடி' பொருந்தாத சொல்லன்று. 'கிளை'யோ பழந்தமிழில் சுற்றத்தாரையும் குறிக்கும் சொல். ஒரே கிண்ணத்தில் பங்குகொள்வோரைக் 'கிளை' என்றழைத்தபோது, மொழிபெயர்ப்பாளர் எண்ணினரோ இல்லையோ, உறவுப்பொருளும் உடன் வந்து சேர்ந்தது. அறுபட்ட கொடி உடனே வாடும் காட்சி 'கொடிகள்' என்பதிலேயே கூர்மையாக இருக்கிறது. இரண்டில் ஒன்றைத் தேர்க எனின் நாம் பழையதன் பக்கமே சாய்வோம்.

இதனினும் பெரிய சிக்கல் கிண்ணத்தில் உள்ளது. இறுதி இராவுணவைக் கூறும் நற்செய்திப் பகுதிகளில் கிண்ணத்தைக் குறித்து 'மது' என்னும் கிரேக்கச் சொல் வரவில்லை. வருவது 'கொடியின் கனி' என்னும் தொடர். உணவின்போது யூதர் கூறும் நன்றியுரையின் தொடரும் இதுவே. தமிழில் இது 'திராட்சப்பழரசம்' ஆயிற்று. கானாவூர்த் திருமணத்தில் மது என்றே மூலம் கூறும் இடமும் 'திராட்சரசம்' ஆயிற்று. இரசம் என்றால் சாறு. அது புளித்ததா, புளிக்காததா என்பதைச் சொல் கூறுவதில்லை. இன்றைய குழந்தைக்கு அது மிளகு இரசத்தையே நினைவூட்டும் என்பது வேறு கதை.

சங்கப் பாடல்களில் தேறலும் நறவும் இருக்கின்றன. யவனர் கொணர்ந்த தேறலைப் புறநானூறு குறிக்கிறது. அரிக்கமேட்டில் 1945இல் வீலர் நடத்திய அகழாய்வில் மத்தியதரைக்கடல் நாட்டு மதுச்சாடிகளின் உடைசல்களும் கிடைத்தன. அவ்வளவு பழைய சொற்கள் இருந்தும் அவை திருவிருந்துக்குள் வரவில்லை. 'கள்' வந்திருக்கவே முடியாது. மலாயாத் தோட்டங்களில் கள்ளுக்கடை கூலியை விழுங்கும் வாயாக இருந்தது; 1941ஆம் ஆண்டுக் கிள்ளான் வேலைநிறுத்தத்தில் கள்ளுக்கடைகளை மூடுக என்பதும் ஒரு கோரிக்கை. தந்தையின் கூலி கள்ளில் கரைவதைக் கண்டு வளர்ந்தோர்க்குப் புனிதக் கிண்ணத்தை விளக்க, போதையின் வாடை படாத ஒரு சொல் தேவைப்பட்டது. 'இரசம்' அப்பணியைச் செய்தது.

அதற்கு விலையும் உண்டு. கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டம் திராட்சைக் கனியிலிருந்து பெற்ற, கெடாத, இயற்கையான மதுவையே கேட்கிறது. மெதடிசுதத் திருச்சபையைச் சேர்ந்த தாமசு வெல்ச் என்னும் பல்மருத்துவர் 1869இல் அமெரிக்காவின் வைன்லேண்ட் ஊரில் சாற்றைச் சூடாக்கிப் புளிக்காமல் காக்கும் முறையைக் கண்டார். மதுவிலக்கை விரும்பிய சபைகள் அதை ஏற்றன. இவ்விரு மரபுகளும் தமிழரிடையே உள்ளன. இருவர் கிண்ணத்திலும் இருப்பது வேறு வேறு. இருவரும் அதை அழைப்பது ஒரே சொல்லால். அப்படியொரு வழக்கு இருந்ததே தமிழ் மட்டும் அறிந்தவருக்குத் தெரியாமல் போயிற்று.

மெர்சிங் சந்தையில் மலாய் வணிகர் இக்கனியை 'அங்கூர்' என்பார். அது பாரசீகச் சொல். மலாயில் கனிக்கும் கொடிக்கும் அதுவே பெயர், 'நீர்' என்னும் சொல்லை முன்னே சேர்த்தால் மதுவுக்கும் ஆகும். தமிழ் அவ்வளவு நேராகச் செல்லவில்லை. செடியைக் கொடியாக்கிய 1995ஆம் ஆண்டு மொழிபெயர்ப்பாளரும் 'இரசம்' என்பதைத் தொடாமலே விட்டனர்.