விக்டோரியா என்னும் பெயரும் மூன்று பாலங்களும்

பழைய நிழற்படத் தொகுதிகளைப் புரட்டிப் பார்ப்போர் ஒரு தொல்லைக்கு ஆளாவதுண்டு. படத்தின் கீழே "விக்டோரியா பாலம்" என்று மட்டும் எழுதப்பட்டிருக்கும். எந்த நாடு, எந்த ஆறு என்ற குறிப்பு இராது. எழுதியவருக்கு அது வேண்டாததாகத் தோன்றியிருக்கலாம். அவர் ஊரில் அப்பெயருடைய பாலம் ஒன்றுதானே! ஆனால் விக்டோரியா மகாராணியார் அரசாண்ட 1837 முதல் 1901 வரையான காலத்திலும் அதன் பின்னரும் ஆறுகளும் அருவிகளும் ஊர்களும் பாலங்களும் உலகெங்கணும் அவர் பெயரைச் சூடிக்கொண்டன. நிழற்படக் கலை உலகறிய வெளிப்பட்டது 1839ஆம் ஆண்டில். இருப்புப்பாதைகள் கண்டந்தோறும் நீண்டதும் அக்காலத்திலேயே. ஆதலால் அரசியின் பெயரும் புகைவண்டியும் நிழற்படமும் ஒன்றையொன்று தொடர்ந்தே சென்றன எனலாம்.

இப்பெயருடைய பாலங்களுள் முதலில் வைத்து எண்ணத்தக்கது கனடாவில் மொன்றியல் நகரருகே சென் லோறன்ஸ் ஆற்றைக் கடக்கும் பாலமாகும். 1854இல் வேலை தொடங்கியது. றொபேட் ஸ்ரீபன்சனும் அலெக்சாந்தர் றொஸ்ஸும் அதன் அமைப்பை வகுத்தனர். ஜேம்ஸ் ஹொட்ஜஸ் கட்டட வேலையை நேரில் நின்று நடத்தினார். இருபத்து நான்கு கற்றூண்கள். அவற்றின் மேலே நீண்ட பெட்டிபோன்ற இரும்புக் குழாய். அக்குழாயின் உள்ளே புகைவண்டி ஓடும். கரைத்தளங்களையும் சேர்த்தால் நீளம் ஏறக்குறைய ஒன்றே முக்கால் மைல். அக்காலத்தில் இதனினும் நீண்ட பாலம் இல்லை என்று பேசப்பட்டதில் வியப்பில்லை.

அவ்வாற்றின் கொடுமை வெள்ளத்தில் மட்டும் இருப்பதன்று, பனிக்கட்டியில் இருக்கிறது. மாரியில் ஆறு முழுதும் உறைந்துவிடும். இளவேனிலில் அப்பனி பிளந்து மலைபோற் குவிந்து கீழ்நோக்கி இடித்துக்கொண்டு வரும். அதனை வெட்டிப் பிளக்கவே தூண்கள் நீர்வரும் பக்கத்திற் சரிந்த கூர்முனை உடையனவாய் அமைக்கப்பட்டன. ஆயினும் அதே பனியை வேலைக்குத் துணையாக்கிக்கொண்டதும் உண்டு. நடுவிலுள்ள பெருங்குழாய் 330 அடி நீளமுடையது. உறைந்த ஆற்றின்மேற் சாரங் கட்டி, 1859ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அதனைப் பொருத்தினர். பனி உடையுமுன் வேலை முடியவேண்டும். முடியாவிடின் சாரமும் குழாயும் ஆற்றோடு போகும். மார்ச் மாத இறுதியில் வேலை முடிந்தது.

இத்தனையையும் படம்பிடிக்க அமர்த்தப்பட்டவர் வில்லியம் நொட்மன். ஸ்கொத்லாந்தின் பெயிஸ்லி ஊரிற் பிறந்தவர். குடும்பத்தின் துணிவாணிகம் நொடித்துப்போக, 1856இல் மொன்றியலுக்கு வந்து சேர்ந்தவர். இரண்டாண்டிற்குள் பெரிய இருப்புப்பாதைக் கம்பனி ஒன்று அவரை நம்பி இவ்வேலையைக் கொடுத்தது. அக்காலத்து நிழற்படம் எடுத்தல் இன்றைய எளிய செயல் போன்றதன்று. கண்ணாடித் தகட்டிற் கொலோடியன் என்னும் பசைநீரைப் பூசி, வெள்ளி உப்புக் கரைசலில் தோய்த்து, ஈரம் உலருமுன்னரே கருவியில் வைத்துப் படமெடுத்தல் வேண்டும். உடனே இருளிற் கொண்டுபோய்த் துலக்கவும் வேண்டும். ஆகவே படக்காரர் செல்லுமிடமெல்லாம் இருட்டுக் கூடாரமும் மருந்துப் புட்டிகளும் உடன் செல்லும். உறைபனியில் நின்று ஈரத் தகட்டோடு போராடிய அவரது பொறுமையை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

அத்தகடுகளுக்கு ஒரு குறையும் உண்டு. ஒளியைப் பதிப்பதற்குச் சில வினாடிகள் செல்லும். தூணும் சாரமும் அசையாமல் நிற்பதால் தெளிவாக விழும். சுத்தியல் ஓங்கிய தொழிலாளி மங்கிய நிழலாவான், அல்லது முற்றாக மறைந்துபோவான். ஓடும் நீர் கண்ணாடிபோல் வழவழப்பாகத் தோன்றும். நீலநிறத்தையே மிகுதியாகப் பற்றும் இயல்பினால் வானம் வெறும் வெள்ளையாகிவிடும். பாலத்தை ஆயிரக்கணக்கானோர் கட்டினர். படத்திலோ தாமாகவே நிற்கும்படி வேண்டப்பட்டவர்களே மனிதராகத் தெரிகின்றனர்.

இதற்கு விலக்காக ஒரு படம் இருக்கிறது. 1847இல் அயர்லாந்தின் பஞ்சத்திற்குத் தப்பிக் கப்பலேறி வந்தோர் மொன்றியற் கரையிலே கப்பற்காய்ச்சலால் ஆயிரக்கணக்கில் மாண்டனர். பாலம் தொடங்கும் இடத்தினருகே புதைக்கப்பட்டனர். பாலத் தொழிலாளருட் பலர் ஐரிஷ் மக்கள். அப்புதைகுழிகள் பிற்காலத்தில் மறக்கப்பட்டுச் சீரழியுமென அஞ்சி, ஆற்றிலிருந்து எடுத்த பெரும்பாறை ஒன்றை அங்கே நாட்டினர். 1859 திசெம்பரில் அது நிறுவப்பட்டது. ஆறாயிரம் பேரின் எச்சங்களைக் காப்பதற்காகத் தொழிலாளர் நாட்டிய கல் என்று அதிற் பொறித்தனர். கல்லை நிறுத்தும் வேளையை நொட்மன் படமெடுத்தார். அரசியின் பெயரைத் தாங்கும் பெருவேலையின் ஓரத்தில், தொழிலாளர் தாமே செய்துகொண்ட ஒன்று அதனால் நமக்குக் கிட்டியது. 2019இல், புதிய மின்சார இரயிற் பாதையின் பொருட்டு அவ்விடத்தை அகழ்ந்தபோது, புதைக்கப்பட்டோர் சிலரின் எலும்புகள் வெளிப்பட்டன.

1860 ஓகஸ்ற் 25ஆந் திகதி வேல்ஸ் இளவரசர் பாலத்தை முறைப்படி திறந்துவைத்தார். பாலத்தின் படங்களும் கனடாக் காட்சிகளும் அடங்கிய பேழையொன்று அவருக்குப் பரிசளிக்கப்பட்டது. அதன்பின் நொட்மன் தம்மை அரசியாரின் நிழற்படக்காரர் என்று விளம்பரப்படுத்திக்கொண்டார். ஸ்ரீபன்சனுக்கோ பாலம் முடிந்ததைக் காணும் பேறு இல்லை. 1859 ஒக்ரோபரிலேயே அவர் காலமானார். குழாயும் நிலைக்கவில்லை. உள்ளே புகை அடைபட்டுப் பயணிகளை வருத்தியது. ஒரே பாதை போதாமலும் போயிற்று. 1897, 1898ஆம் ஆண்டுகளிற் பழைய தூண்களின்மேலேயே திறந்த இரும்புச் சட்டங்கள் ஏற்றப்பட்டன. நொட்மனின் படத்தைக் கொண்டு இன்றைய பாலத்தை இனங்காண முயல்வோர் ஏமாறுவர்; தூண்களை நோக்கினாற்றான் உறவு விளங்கும்.

ஆபிரிக்காவில் அப்பெயரை முதலிற் பெற்றது அருவி. சம்பேசி ஆற்றில் அம்மக்கள் "இடிமுழங்கும் புகை" என்னும் பொருளில் மோசி-ஓவா-துன்யா என்று வழங்கிய பேரருவிக்கு, 1855 நவம்பரில் அதனைக் கண்ட லிவிங்ஸ்ரன் அரசியின் பெயரை இட்டார். 1862இல் ஜேம்ஸ் சப்மன் நிழற்படக் கருவியோடு அங்குச் சென்றார். ஆனால் அருவியின் படம் அவருக்கு வாய்க்கவில்லை. உடன்சென்ற தோமஸ் பெயின்ஸ் அதனைத் தூரிகையால் தீட்டினார்.

பாலத்தின் காலத்தில் நிலைமை மாறியிருந்தது. உலர்தகடுகள் வந்துவிட்டன. 1903இல் அங்கே குடியேறிய பேர்சி கிளாக் என்பார் படமெடுத்தலையே பிழைப்பாகக் கொண்டார். இங்கிலாந்தின் டார்லிங்ரனிற் செய்து கொணரப்பட்ட இரும்புத் துண்டுகளை இருகரையிலிருந்தும் நீட்டி, ஐந்நூறு அடி வளைவாக நடுவிற் கூட்டினர். நடுவில் இணையவேண்டிய வேளை வெயிலில் இரும்பு விரிந்திருந்தமையாற் பொருந்தவில்லை. இரவின் குளிர்ச்சியிற் சுருங்கி, 1905 ஏப்பிரல் முதலாந் திகதி விடியலிற் பொருந்திற்று. செப்ரெம்பர் 12ஆந் திகதி அதனைத் திறந்துவைத்தவர் சாள்ஸ் டார்வினின் மைந்தர் பேராசிரியர் ஜோர்ஜ் டார்வின். அருவியின் தூவானம் புகைவண்டியிற் படவேண்டும் என்று ஆசைப்பட்ட செசில் றோட்ஸ் 1902இலேயே இறந்துவிட்டார். பயணிக்கு இன்பமான அத்தூவானம் படக்காரருக்கு இடர். வில்லையை நனைத்து நீரோவியம்போல் ஆக்கிவிடும்.

மூன்றாவது பாலம் நம்முடையது. களனி ஆற்றில், ஆளுநர் பாண்ஸ் காலத்தில் 1822இற் படகுகளை வரிசையாகப் பிணைத்து அமைத்த படகுப்பாலமே நெடுங்காலம் கொழும்பின் வடவாயிலாயிருந்தது. அதற்குப் பதிலாக 1895இல் எழுந்த இரும்புப் பாலத்திற்கு விக்டோரியாவின் பெயர் இடப்பட்டது. கொழும்பு நிழற்படக் கூடங்கள் வெளிநாட்டுப் பயணிகளுக்கு விற்ற படங்களில் படகுப்பாலத்திற்கே மதிப்பு மிகுதி. மாட்டுவண்டியும் தென்னையும் படகுமாக அது கண்ணைக் கவர்ந்தது. இரும்புப் பாலமோ வேறெந்த நாட்டிலும் காணக்கூடியது. ஆகையாற் "களனி" என்று எழுதப்பட்ட படத்திற் படகு வரிசை தோன்றினால் அது 1895க்கு முற்பட்டதென்று கொள்ளலாம். கூர்முனைத் தூண்கள் தோன்றினால் மொன்றியல். ஆழ்ந்த பள்ளத்தின்மேல் ஒற்றை வளைவு தோன்றினாற் சம்பேசி. கீழே எழுதிய பெயரை மட்டும் நம்புதல் ஆகாது.